கொறங்காட்டுக் கோட்டுப் பல்லி: அரணையும் இல்லை, அதற்கு மரநிழலும் வேண்டாம்

கேட்கப்பட்ட கேள்வி இது: "தாராபுரம் பக்கம் எங்கள் கொறங்காட்டில், வெயில் ஏறியதும் புல்லுக்குள் ஒரு சின்னப் பல்லி சர்ரென்று ஓடுகிறது. பக்கவாட்டில் கோடு, வால் கொஞ்சம் சிவப்பு. அரணைக் குட்டி, விஷம் என்கிறார் அப்பா. இது என்ன? அந்தக் காடு சும்மா கிடக்கிறதே என்று மரக்கன்று நட இருக்கிறோம். நிழல் வந்தால் இந்தப் பல்லிக்கும் நல்லதுதானே?"

கொறங்காடு என்பது கொங்குப் பகுதியில் வேலி கட்டி வைத்திருக்கும் மேய்ச்சல் நிலம். முதலில் விஷத்தை முடித்துவிடலாம். தமிழ்நாட்டில் விஷமுள்ள பல்லி இனம் ஒன்றுகூடக் கிடையாது. அரணைக்கும் விஷம் இல்லை. 'அரணை நக்கினால் மரணம்' என்ற சொலவடை வாயில் நன்றாக உட்கார்வதால்தான் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதை நம்பி அடித்துக் கொல்லப்பட்ட அரணைகளுக்குக் கணக்கே இல்லை.

அடுத்தது, இது அரணையும் இல்லை. நீங்கள் சொன்ன இடம், நேரம், ஓட்டம், கோடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் இது பெரும்பாலும் ஒஃபிசாப்ஸ் லெஷனோல்ட்டி. தமிழில் பாம்புக்கண் பல்லி என்று சொல்லலாம். மூக்கு நுனியிலிருந்து உடல் முடியும் இடம்வரை சுமார் 5 செ.மீ., அதற்குப் பின்னால் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளத்தில் வால். முதுகு வெண்கலம் கலந்த பழுப்பு. பக்கத்துக்கு இரண்டாக வெளிர்மஞ்சள் கோடுகள், அவற்றுக்குக் கரை கட்டியதுபோல் கறுப்பு. பின்னங்காலிலும் வாலிலும் பல சமயம் செம்மை ஓடும்.

அரணையோடு குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை. இரண்டும் நீளவாக்கு, இரண்டும் தரையில் ஓடுபவை, இரண்டிலும் கோடு. போதாக்குறைக்குப் புள்ளி அரணையின் குட்டிக்கு வால் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். ஆனால் ஒருமுறை கவனித்துப் பார்த்துவிட்டால் பிறகு தவறாது. அரணை எண்ணெய் பூசிய மாதிரி மினுமினுக்கும். கழுத்து என்று ஒன்று தெரியாது, கால்கள் குட்டை, உடலை நெளித்து நெளித்துப் போகும். பாம்புக்கண் பல்லியின் முதுகுச் செதில்களில் நடுவே மேடு இருப்பதால் அது மினுங்காது, சொரசொரப்பாகத் தெரியும். கால் நீளம், பின்னங்கால் விரல்கள் அதைவிட நீளம். நெளியாது, அம்பு மாதிரி நேராக ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடும். வயிற்றுப் பக்கம் பார்க்க வாய்த்தால் இன்னும் தெளிவு: வயிற்றில் தட்டையான பட்டைச் செதில்கள் வரிசை கட்டி இருக்கும், தொடையின் அடியில் குண்டூசி முனை அளவில் ஒரு வரிசைத் துளைகள் இருக்கும். அந்தத் துளைகளிலிருந்து மெழுகு போன்ற ஒன்று சுரக்கும், வாசனையால் சேதி சொல்ல. அரணைக்குத் தொடைத் துளை கிடையாது.

இதே காட்டில் திரியும் இன்னொரு ஆள் விசிறித்தொண்டை ஓணான். ஆண் தொண்டையை விரித்துக் காட்டும்போது அதை யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் சும்மா இருக்கும் பெண்ணைத் தூரத்திலிருந்து பார்த்தால் சந்தேகம் வரும். அது கல்லின்மேல் உட்கார்ந்து இரை வரக் காத்திருக்கும் வகை. நம் பல்லி ஓரிடத்தில் உட்காராது. புல் தூரையும் சருகையும் நாக்கால் துழாவிக்கொண்டே கரையான், சிறு வெட்டுக்கிளி, சிலந்தி என்று தேடித் தின்னும்.

இனி பெயர். 'லெஷனோல்ட்டி' என்பது லெஷனோ டி லா தூர் என்ற பிரெஞ்சு தாவரவியலாளரைக் குறிக்கிறது. 1800இல் பிரான்சிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட போதான் என்பவர் தலைமையிலான கடற்பயணத்தில் போனவர், பிறகு ஜாவாவில் தங்கியவர். நெப்போலியன் போர்கள் முடிந்து 1816இல் புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தபோது இங்கே வந்து, அங்குள்ள தாவரவியல் தோட்டத்தைக் கவனித்தார். ஆங்கிலேயரிடம் அனுமதி வாங்கித் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றிச் செடி, விதை, பறவை, பல்லி எல்லாம் சேர்த்து அனுப்பினார். செடிக்காக வந்த மனிதர் இன்று அதிகம் நினைக்கப்படுவது விலங்குகளின் பெயரில்தான். பழந்தின்னி வௌவால் ஒன்று, மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பல்லி, செம்மூக்கோடு புதரில் ஒளியும் ஒரு குயிலினம் என்று அவர் பெயரைச் சுமப்பவை நம் ஊரிலேயே பல. இந்தக் கோட்டுப் பல்லியை விவரித்து அவர் பெயரை வைத்தவர் ஹென்றி மில்ன்-எட்வர்ட்ஸ், 1829இல், பாரிசில். மாதிரி கிடைத்த இடம் என்று பதிவானது 'கோரமண்டல் கரை'. நம் சோழமண்டலக் கடற்கரை என்பதைத் தவிர ஊர், கிராமம் எதுவும் இல்லை.

அப்புறம், 'பாம்புக்கண்' என்பதில் ஒரு வேடிக்கை. இந்தப் பேரினத்தில் பல இனங்களுக்கு இமையே அசையாது. கீழிமை மேலிமையோடு ஒட்டி, கண்ணாடி வில்லை மாதிரி கண்ணை நிரந்தரமாக மூடியிருக்கும், பாம்புக்கு இருப்பதுபோல. ஆனால் உங்கள் காட்டில் ஓடும் இனம் இமைக்கும்! அதன் இமைகள் ஒட்டவில்லை. கீழிமையின் நடுவில் மட்டும் ஒளி ஊடுருவும் பெரிய சன்னல் ஒன்று இருக்கிறது. கண்ணை மூடினாலும் அதன் வழியே பார்க்கும்.

இது வெறும் வேடிக்கையாக நிற்கவில்லை, வகைப்பாட்டில் ஒன்றரை நூற்றாண்டுக் குழப்பத்துக்குக் காரணமாக இருந்தது. இமை அசைகிறது என்பதற்காகவே கிரே என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் 1838இல் 'கப்ரிட்டா' என்று தனிப் பேரினம் உண்டாக்கினார். பழைய ஆங்கிலேயர் கால நூல்களைப் புரட்டினால் நம் பல்லி கப்ரிட்டா என்ற பெயரில்தான் இருக்கும். 1989இல் ஆர்னால்டு இந்தக் குடும்பம் முழுவதையும் ஆராய்ந்தபோது, இமை ஒட்டியவையும் ஒட்டாதவையும் நெருங்கிய உறவுகளே என்று கண்டு கப்ரிட்டாவை ஒஃபிசாப்ஸுக்குள் சேர்த்தார். சேர்த்ததும் இரண்டு பல்லிகளுக்கு ஒரே பெயர் வந்துவிட்டது. ஜெர்டன் என்ற இயற்கையாளரைப் பாராட்டி ஒன்றுக்கு 1853இல் பிளைத் பெயர் வைத்திருந்தார், இன்னொன்றுக்கு 1870இல் பெடோம் அதே மனிதரின் பெயரை வைத்திருந்தார். பிந்தியது வழிவிட வேண்டும் என்பது விதி. அதற்குக் கிடைத்த புதுப் பெயர் 'நிக்டான்ஸ்', கண் சிமிட்டுவது என்று பொருள். அதுவும் தென்னிந்தியாவில் இருக்கிறது. உங்கள் காட்டில் அதுவும் ஓடக்கூடும் என்பதால்தான் மேலே 'பெரும்பாலும்' என்று எழுதினேன்.

இமை ஏன் கண்ணாடியானது? பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் ஈரம். உடல் சிறுக்கச் சிறுக்க, உடலோடு ஒப்பிடும்போது கண் பெரிதாகிக்கொண்டே போகும். கொதிக்கும் தரைக்கு ஒன்றிரண்டு செ.மீ. உயரத்தில் திறந்த கண்ணோடு நாளெல்லாம் ஓடினால் அந்த வழியே போகும் நீர் கொஞ்சமில்லை. மூடிக்கொண்டே பார்க்க முடிந்தால் நீரும் மிச்சம், தூசியும் விழாது. ஆக இந்தக் கண் வெட்டவெளியில், வெயிலில், வறண்ட மண்ணில் வாழ்வதற்கென்று அமைந்த கண். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மரக்கன்றுக்கு வரும்போது தேவைப்படும்.

இது லாசர்ட்டிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆசியா முழுக்க 300க்கும் மேற்பட்ட இனங்கள். ஐரோப்பியர்களுக்குச் சுவரோரப் பல்லி என்றாலே இந்தக் குடும்பம்தான், நமக்கு அறிமுகமே இல்லை. 'புல் பல்லி' என்று தேடினால் வருவது இதே குடும்பத்து டாகிட்ரோமஸ். உடலைப்போல மூன்று மடங்குக்கு மேல் வால் வைத்துக்கொண்டு புல் நுனிகளில் ஊர்வது. இந்தியாவில் அது வடகிழக்கில் மட்டும், காசி மலை, அசாம் பக்கம் இருக்கிறது. தென்னிந்தியப் புல்லுக்கு உரிய ஆள் ஒஃபிசாப்ஸ்தான். இலங்கையின் வறண்ட பகுதியிலும் லெஷனோல்ட்டி உண்டு. அதைத் தனித் துணையினம் என்று 1953இல் பிரித்தவர் தெரணியகல. மேற்கே துருக்கி, ஈரான் வரை இன்னொரு ஒஃபிசாப்ஸ் போகிறது. ஆனால் இந்தப் பேரினத்தின் பெரும்பாலான இனங்கள் இந்தியாவில்தான். இதுதான் எனக்கு இந்தப் பல்லியைப் பற்றிய மிக முக்கியமான செய்தி. காரணம் சொல்கிறேன்.

நம் நாட்டுப் புல்வெளிகளைப் பற்றி ஒரு பழைய கருத்து உண்டு. எல்லா இடத்திலும் முன்னே அடர்ந்த காடு இருந்தது, மனிதன் வெட்டினான், மாடு மேய்த்தான், தீ வைத்தான், மிஞ்சியது இந்தப் புல்லும் முள்ளும் என்பது. 1936இல் சாம்பியன் என்ற வன அதிகாரி செய்த காடுகளின் வகைப்பாடு, 1968இல் சேத் என்பவருடன் சேர்ந்து திருத்தியது, இன்றும் வனத்துறையில் புழங்குகிறது. அதில் முட்புதர்க் காடுகளில் பலவும் சீரழிந்த நிலை என்றே வரும். வருவாய்த் துறைக்கோ வரி வராத நிலம் தரிசு. மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு என்று பதிவேட்டில் இருப்பவை, யாராவது வந்து 'உபயோகப்படுத்த'க் காத்திருக்கும் நிலங்களாகவே பார்க்கப்பட்டன. 1985இல் தேசியத் தரிசு நில மேம்பாட்டு வாரியம் தொடங்கியபோது வைத்த இலக்கு ஆண்டுக்கு 50 லட்சம் ஹெக்டேரில் மரம். பிறகு வந்த தரிசு நில வரைபடத் தொகுப்புகளிலும் புதர் நிலம் ஒரு தரிசு வகையாகவே இருக்கிறது.

அந்தக் கருத்து சரியென்றால் புல்லில் மட்டும் வாழும் உயிர்கள் இங்கே சமீபத்தில் வந்தவையாக இருக்க வேண்டும். மனிதன் காடழித்துச் சில ஆயிரம் ஆண்டுகள்தானே ஆகின்றன? அதற்குள் புது இனங்கள் பிரிந்து உருவாக நேரம் இருந்திருக்காது. எங்கு பார்த்தாலும் ஒரே பல்லி, வித்தியாசமில்லாமல் பரவியிருக்கும்.

பெங்களூரு தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் ஈஷான் அகர்வாலும் உமா ராமகிருஷ்ணனும் இந்தியா முழுவதிலுமிருந்து ஒஃபிசாப்ஸ் பல்லிகளின் மரபணுவை ஒப்பிட்டு 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர் எதிரானதைக் காட்டியது. ஒரே இனம் என்று நாம் பெயர் வைத்திருந்தவற்றுக்குள் நெடுங்காலம் முன்பே பிரிந்துபோன பல கிளைகள் இருந்தன. பிரிவு நடந்த காலம் ஆயிரங்களில் இல்லை, பல லட்சம், கோடி ஆண்டுகள் என்ற கணக்கில். மயோசீன் என்ற புவியியல் யுகத்தின் பிற்பகுதியில் புல்வெளி பரவிய காலத்தோடு இந்தப் பல்லிகள் பெருகிப் பிரிந்த கதையும் சேர்ந்தே போகிறது.

புல்வெளி பரவியது எப்படித் தெரியும் என்றால், அது வேறொரு சாட்சி. வெப்பநாட்டுப் புற்கள் பெரும்பாலும் ஒளிச்சேர்க்கையில் மரங்களிலிருந்து மாறுபட்ட வழியைக் கையாள்கின்றன. அந்த வழியில் சேரும் கார்பனில் கனமான அணுக்களின் விகிதம் சற்று அதிகம். செடி மட்கிப் போனாலும் அந்த விகிதம் மண்ணில் பதிவாகி நிற்கும். இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் படிவுகளில் இதை அளந்து 1989இல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு மண்ணின் கையெழுத்து மரத்திலிருந்து புல்லுக்கு மாறியிருந்தது. கோடரி இல்லை, மாடு மேய்ப்பவன் இல்லை, மனிதனே இல்லை.

ஆகவே உங்கள் காலடியில் ஓடுவதன் மூதாதையர் இந்தத் திறந்த நிலத்தில் குடியிருந்த காலத்தை ஒப்பிட்டால் 'முன்னே இங்கே காடு இருந்தது' என்ற பேச்சுக்கு அடிப்படை மிகவும் குறைவு. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. காடழிந்து புதரான இடங்களும் உண்டு. ஆனால் புல் இருந்தாலே அழிவின் அடையாளம் என்று எடுத்துக்கொள்வது தவறு. அந்த ஆய்வுக்குப் பிறகு புது இனங்களும் வரத் தொடங்கிவிட்டன. 2018இல் கட்ச் பெயரிலும் புஷ்கர் பெயரிலும் இரண்டு விவரிக்கப்பட்டன. நீங்கள் பார்க்கும் பல்லிக்கே நாளைக்கு வேறு பெயர் வரலாம்.

சரி, மரக்கன்று.

பல்லிக்கு உடல்சூடு வெளியிலிருந்து வர வேண்டும். காலையில் வெயிலில் காய்ந்து சூடேறிய பிறகுதான் ஓடவே முடியும், தின்றது செரிக்கும். உச்சி வெயிலில் அதே தரை கொன்றுவிடும், அப்போது புல் தூருக்குள்ளோ கல்லடியிலோ புகுந்துகொள்ளும். அதாவது அதற்கு வேண்டியது இரண்டும்: வெயிலும் நிழலும் அடுத்தடுத்து, ஓரிரண்டு அடி இடைவெளியில். கொழுக்கட்டைப் புல் தூர் தூராக நின்று நடுவே வெறும் மண் தெரிகிற காட்டில் அது தானாகவே அமைந்திருக்கிறது. கன்றை நெருக்கமாக நட்டு மேலே கவிகை மூடிவிட்டால் நாலைந்து வருடத்தில் தரைக்கு வெயில் வராது. முதலில் புல் போகும், ஏனென்றால் மேலே சொன்ன அந்த வகைப் புல்லுக்கு முழு வெளிச்சம் வேண்டும். புல்லோடு வெட்டுக்கிளி போகும், அப்புறம் இந்தப் பல்லி, விசிறித்தொண்டை ஓணான், பல்லியைப் பிடித்து முள்ளில் குத்தி வைக்கும் கீச்சான் எல்லாம் போகும். நிழலை விரும்பும் வேறு சில உயிர்கள் வரும். அவற்றுக்கு இருக்க நாட்டில் வேறு இடம் உண்டு. இவற்றுக்கு இல்லை.

கொறங்காட்டைச் 'சும்மா கிடக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள். அதைத்தான் கொஞ்சம் மறுக்க வேண்டும். கிளுவை வேலி கட்டி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே ஒரு வெள்வேல மரம், மாட்டை முறைவைத்து விடுவது என்று உங்கள் பாட்டன்மார் நடத்தியது ஒரு முழுமையான மேய்ச்சல் முறை. காங்கயம் மாடு நின்றது அந்தப் புல்லின் மேல்தான். அந்த ஏற்பாடு, வேண்டி செய்யாவிட்டாலும், பழைய திறந்த புல்வெளியை அப்படியே தக்கவைத்திருக்கிறது. மரம் இல்லாத காடு இல்லை அது. மரம் குறைவாக, தள்ளித் தள்ளி நிற்கும் காடு. அந்த அளவே போதும்.

மரம் நட்டே ஆக வேண்டுமென்றால் வீட்டைச் சுற்றி, கிணற்றோரம், வரப்பில் வையுங்கள். காட்டுக்குள் வெள்வேல் பட்டுப்போன இடத்தில் இன்னொரு வெள்வேல் வைக்கலாம். கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி போட வேண்டாம், உச்சி வெயிலில் பாதி உயிர்கள் ஒதுங்குவது அந்த வேலியடியில்தான். மாட்டை முழுக்க நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் புல் முற்றிப் படுத்துத் தரையை மூடும். அதற்காக ஆட்டை அளவில்லாமல் விட்டால் தூரே மிஞ்சாது. சீமைக்கருவேலம் முளைத்தால் சிறியதிலேயே வேரோடு எடுத்துவிடுங்கள். இந்தப் பல்லியின் புல்லை அது அடர்ந்து மூடிவிடும். பெரிதானபின் இயந்திரம் கொண்டுவந்து தரையையே புரட்டிப் போட வேண்டியிருக்கும், அதில் சாவது கருவேலம் மட்டும் இல்லை.

இனத்தை உறுதி செய்ய விரும்பினால் பல்லியைப் பிடிக்க முயலாதீர்கள். வாலைக் கழற்றிவிட்டுப் போய்விடும். வால் திரும்ப வளரும்தான், ஆனால் பழைய நீளமும் வராது, அதில் சேர்த்த கொழுப்பும் போச்சு. மழை முடிந்து வெயில் அடிக்கும் நாளில், காலை 9 மணிவாக்கில், அது காயும் நேரத்தில் போய் ஓரிடத்தில் அசையாமல் உட்காருங்கள். துரத்தினால் படம் கிடைக்காது. ஓடிய திசையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால் பெரும்பாலும் அதே தூருக்குத் திரும்பி வரும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தலையும் கண்ணும் நெருக்கமாக ஒன்று என மூன்று படம் வேண்டும். கண் பாதி மூடிய தருணம் கிடைத்தால் விடாதீர்கள். கீழிமை ஏறி வருவதும் அதன் நடுவே சன்னல் மினுங்குவதும் படத்தில் விழுந்தால், இமை ஒட்டிய மற்ற இனங்களை அங்கேயே தள்ளிவிடலாம். லெஷனோல்ட்டியா நிக்டான்ஸா என்பதற்குத் தலைத் தகடுகளின் அமைப்பைப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் தலையை நெருக்கமாக எடுத்த படம். ஐநேச்சுரலிஸ்ட் தளத்திலோ இந்தியப் பல்லுயிர்த் தளத்திலோ தேதியும் இடமும் சேர்த்துப் போட்டால் ஊர்வன ஆய்வாளர்கள் பார்த்துச் சொல்வார்கள்.